அணை போட்ட கோடு

பிள்ளைகளே, மழைக்காலம் வந்துவிட்டால் நம் பக்கத்துச் செய்தித்தாள்களில் ஒரு குட்டிச் செய்தி தவறாமல் வரும். நான்கே வரிதான். கிருஷ்ணகிரி அணையின் மொத்த உயரம் 52 அடி. இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. வெளியேற்றம் இத்தனை கன அடி. பெரியவர்களில் பலரே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். விவசாயிகள் மட்டும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களை நம்பி 9,012 ஏக்கர் நிலம் இருக்கிறதே!

அந்த நான்கு வரியை வைத்து ஒரு பையன் எனக்கே பாடம் நடத்திய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்திருந்தேன். கிடை அச்சில் நாட்கள். செங்குத்து அச்சில் அணையின் நீர்மட்டம். கோடு முதல் ஐந்து நாள் ஏறிக்கொண்டே போகும். பிறகு நான்கு நாள் பாய் விரித்தாற்போலப் படுத்திருக்கும். "ஆறாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை என்ன நடந்தது?" இதுதான் கேள்வி. "அணைக்குத் தண்ணீர் வரவில்லை" என்பது நான் எழுதி வைத்திருந்த விடை. வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், "வந்த தண்ணீர் அவ்வளவும் வெளியே போய்விட்டது" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தாளைக் கொடுத்ததும் அவன் எழுந்து நின்றான்.

"சார், எங்கப்பா கால்வாய்ல லஸ்கர் வேலை பாக்கறாரு. அணை ரொம்பிட்டா வர்ற தண்ணிய அப்படியே தொறந்து விட்டுடுவாங்க சார். மட்டம் ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. ஆனா ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

லஸ்கர் என்றால் பாசனக் கால்வாய்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர். மழையோ வெயிலோ, அவர்களுக்குத்தான் தண்ணீரின் போக்கு அத்துப்படி. அவர் மகன் சொன்னதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. தவறு என் விடைத்தாளில் இருந்தது. அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டு இரண்டு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.

மற்றவர்கள் மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை. அவர்கள் எழுதியதும் நடக்கக்கூடியதுதான். தண்ணீர் வரவும் இல்லை, போகவும் இல்லை என்றாலும் கோடு படுத்துத்தான் இருக்கும். வினாடிக்கு 3,000 கன அடி வந்து 3,000 கன அடி போனாலும் அதே கோடுதான். நீர்மட்டக் கோடு வரவையும் காட்டாது, செலவையும் காட்டாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டும். வரவு அதிகம் என்றால் ஏறும். செலவு அதிகம் என்றால் இறங்கும். இரண்டும் சமம் என்றால் படுத்துக்கொள்ளும்.

ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். 3,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 85,000 லிட்டர். தெருவில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பார்த்திருப்பீர்கள். அப்படி ஏழு லாரித் தண்ணீர், நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டித் திறப்பதற்குள் ஆற்றுக்குள் இறங்குகிறது. ஆற்றங்கரையில் துணி துவைப்பவர், மாடு குளிப்பாட்டுபவர் இவர்களுக்கெல்லாம் இது உயிர் விஷயம். "மட்டம் ஏறவில்லையே, கோடு படுத்துத்தானே இருக்கிறது" என்று நினைத்து இறங்கினால் என்ன ஆகும்? 20 அடியில் படுத்திருக்கும் கோடும், 52 அடியில் படுத்திருக்கும் கோடும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது சாது. இரண்டாவது அப்படியல்ல.

இப்போது கோடுகளைப் படிக்கக் கொஞ்சம் பழகுவோம். அதற்கு ஓசூரிலிருந்து ஒரு பேருந்து ஏற வேண்டும். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். நம் பேருந்து காலை 8 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் ஊர்ந்து, 8.40-க்கு 24 கிலோமீட்டர் கடந்து சூளகிரி வந்து நிற்கிறது. ஓட்டுநரும் நடத்துநரும் டீ குடிக்கிறார்கள். 8.50-க்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் பறந்து 9.20-க்குக் கிருஷ்ணகிரி. கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் ஓசூரிலிருந்து உள்ள தூரம். புள்ளிகளை வைத்து இணையுங்கள்.

மூன்று துண்டுகள் கிடைக்கும். முதல் துண்டு சாய்வாக ஏறும். நடுவில் பத்து நிமிடம் படுத்திருக்கும். மூன்றாவது துண்டு இன்னும் செங்குத்தாக ஏறும். ஏன் என்று பாருங்கள். முதலில் 40 நிமிடத்தில் 24 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். கடைசியில் 30 நிமிடத்தில் 26 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 52. வேகம் கூடினால் கோடு நிமிர்ந்து நிற்கும். டீ குடிக்கும்போது பேருந்து நின்றுவிட்டது, நேரம் நிற்கவில்லை. அதனால்தான் கோடு வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது, மேலே போகவில்லை.

வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டு, "பேருந்து எப்படிப் போகிறது?" என்று கேட்டால், எந்த வருடமும் ஒரு பத்துப் பேராவது, "மலை ஏறுகிறது சார், நடுவில் சமவெளி, அப்புறம் பெரிய மலை" என்பார்கள். உங்களில் சிலரும் அப்படி நினைத்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். கோட்டைப் பார்த்தால் மலைபோலத்தான் இருக்கிறது.

ஆனால் உண்மை என்ன? ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர்தான். ஓசூரில் காலையில் ஸ்வெட்டர் போட்டு ஏறியவர், கிருஷ்ணகிரியில் இறங்கும்போது அதைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருப்பார். பேருந்து மொத்தத்தில் இறங்கிக்கொண்டே வருகிறது. கோடோ ஏறிக்கொண்டே போகிறது! வரைபடம் என்பது சாலையின் புகைப்படம் அல்ல.

செங்குத்து அச்சில் 'கடல் மட்டத்திலிருந்து உயரம்' என்று எழுதிப் பாருங்கள். அதே பேருந்துக்குக் கோடு 900-ல் தொடங்கி 500-ஐ நோக்கி இறங்கும். 'கிருஷ்ணகிரிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர்' என்று எழுதினால் 50-ல் தொடங்கிப் பூஜ்யத்தில் வந்து முடியும். ஒரே பேருந்து, ஒரே பயணம், மூன்று கோடுகள். ஆகவே வரைபடத்தைப் பார்த்ததும் கோட்டுக்குப் போகாதீர்கள். முதலில் அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பேருந்தில் ஏறும் முன் பலகை பார்ப்பதில்லையா? பெங்களூரு போகிற பேருந்தில் ஏறிக்கொண்டு கிருஷ்ணகிரி வரவில்லையே என்றால் யார் பொறுப்பு?

எண்களைக் கோடாக்கும் இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேபேர். 1786-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாகப் போட்டிருந்தார். அதுவரை வணிகக் கணக்கு என்றால் பக்கம் பக்கமாக எண் பட்டியல்தான். இன்று நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் கோடு இல்லாத சுவர் அபூர்வம். உங்கள் அப்பாவோ அம்மாவோ சிப்காட்டில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். எந்த ஷிப்டில் எத்தனை உருப்படி, எத்தனை கழிவு என்று தினமும் புள்ளி வைக்கும் பலகை இருக்கும். இயந்திரத்தின் சூட்டைக் காட்டும் கோடு திடீரென்று நிமிர்ந்தால், அனுபவசாலிகள் அது எல்லையைத் தொடும்வரை காத்திருக்க மாட்டார்கள். நிமிர்கிறது என்பதே அவர்களுக்கு எச்சரிக்கை.

சரி, அணைக்குத் திரும்புவோம். வழியில் தெருக்குழாயடியில் கொஞ்சம் நில்லுங்கள்.

குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் விழுகிறது. கீழே குடம். குடத்தில் தண்ணீர் மட்டம் எப்படி ஏறும்? அடிப்பக்கம் குறுகலாக இருப்பதால் முதலில் வேகமாக ஏறும். வயிறு அகலம், அங்கே மெதுவாக ஏறும். கழுத்து வந்ததும் சரசரவென்று ஏறிவிடும். கதை பேசிக்கொண்டிருப்பவர்கள் குடம் எப்போதும் கழுத்தில்தான் நம்மை ஏமாற்றி வழிந்துவிடுகிறது என்று சொல்வது இதனால்தான். குழாயின் வேகம் மாறவில்லை. குடத்தின் வடிவம்தான் கோட்டை வளைக்கிறது. நோட்டில் வரைந்து பாருங்கள்: செங்குத்தாகத் தொடங்கி, சாய்ந்து, மறுபடி செங்குத்தாகும் கோடு.

அணைக்குக் கழுத்து கிடையாது. அது மேலே போகப் போக அகலும் பாத்திரம். அடியில் ஆற்றுப் பள்ளம். மேலே வர வர இரண்டு பக்கமும் நிலத்தில் பரவிக்கொண்டே போகும். அதனால் ஒரே அளவு தண்ணீர் வந்தாலும் மட்டம் முதலில் வேகமாகவும், போகப் போக மெதுவாகவும் ஏறும். 10 அடியிலிருந்து 11 அடி ஆவதற்கு வேண்டிய தண்ணீரைவிட, 51 அடியிலிருந்து 52 அடி ஆவதற்குப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். செய்தித்தாளில் 'ஒரு அடி உயர்ந்தது' என்று போட்டிருந்தால், எந்த அடி என்று கேட்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2017-க்கு வாருங்கள்.

கிருஷ்ணகிரி அணை 1957-ல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் ஓடின. 2017 நவம்பரில் நல்ல மழை. அணை கிட்டத்தட்ட நிரம்பி நின்றது. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிடும் என்று விவசாயிகள் நிம்மதியாக இருந்த நேரம். நவம்பர் 29 அன்று, எட்டு மதகுகளில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. தண்ணீர் கட்டுக்கடங்காமல் வெளியே பாய்ந்தது. தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் அவசர எச்சரிக்கை போனது. அணையைக் காப்பாற்ற, இருக்கிற தண்ணீரை வெளியே விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த நாட்களின் நீர்மட்டக் கோட்டை மனதுக்குள் வரைந்து பாருங்கள். 52 அடியை ஒட்டி ஏறக்குறையப் படுத்திருந்த கோடு திடீரென்று கீழே சரிகிறது. சரிந்து, சரிந்து, சுமார் 32 அடிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ஏன் 32-ல் நின்றது? யாராவது அடைத்தார்களா? இல்லை. அந்த மதகின் அடிவிளிம்பு அந்த உயரத்தில் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே உள்ள தண்ணீருக்கு அந்த வழியாக வெளியேற வாசல் இல்லை. மொத்த உயரம் 52. கோடு நின்ற இடம் 32. கழித்தால் 20. மதகின் உயரம் சுமார் 20 அடிதான்! அணையை ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளை, கோட்டை மட்டும் பார்த்தே மதகின் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? "52-ல் 20 அடி போச்சு, மீதி 32 அடி இருக்குது, பாதிக்கு மேல இருக்குதே" என்று அப்போது டீக்கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். நீங்கள் ஏமாற மாட்டீர்கள். போனது மேல் 20 அடி. பாத்திரத்தின் அகலமான பகுதி.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கசியாதபடி ஒட்டுங்கள். கடலை வாங்குவோமே, அந்தப் பொட்டலம் மாதிரி. சரிபாதி உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை அரிசியை நிரப்பி ஒரு கிண்ணத்தில் கொட்டுங்கள். இப்படி எத்தனை முறை கொட்டினால் கூம்பு முழுதும் நிரம்பும் அளவு அரிசி சேரும்? இரண்டு முறை என்றுதான் மனசு சொல்லும். எட்டு முறை ஆகும்! பாதி உயரத்தில் இருப்பது எட்டில் ஒரு பங்குதான். (அம்மாவிடம் கேட்டுவிட்டு அரிசியை எடுங்கள். முடிந்ததும் திருப்பிப் போட்டுவிடுங்கள்.)

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி போகலாம். 52-க்கு 32 என்றால் பின்னத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். விடை நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வரும். நம் அணை கச்சிதமான கூம்பு அல்ல, அடியில் வண்டலும் சேர்ந்திருக்கும். ஆகவே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் டீக்கடைக் கணக்கைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கம். அந்த ஆண்டு இரண்டாம் போகத்தைப் பற்றி விவசாயிகள் ஏன் அப்படிக் கலங்கினார்கள் என்று இப்போது புரிகிறதா? பிறகு புது மதகு பொருத்தப்பட்டது. மற்ற மதகுகளை மாற்றும் வேலையும் அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது.

கோடு பொய் சொல்லாது. ஆனால் வரைகிறவர் அதைப் பொய் சொல்ல வைக்கலாம். நீர்மட்டம் நான்கு நாளில் 50, 50.5, 51, 51.5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கி வரைந்தால் கோடு ஏறுவதே தெரியாது. 50-ல் தொடங்கி, அரை அடிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வரைந்தால் பாறை முகடுபோல எழுந்து நிற்கும். எண்கள் அதே எண்கள்தான். விளம்பரங்களில் 'எங்கள் விற்பனை பாருங்கள்' என்று ராக்கெட் மாதிரி போகும் கோட்டைக் கண்டால், அச்சு எங்கே தொடங்குகிறது என்று எட்டிப் பாருங்கள். பல நேரம் சிரிப்பு வரும்.

சில நேரம் நியாயமான அளவுத்திட்டமே நம்மைத் திணறடிக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஒரு சென்டிமீட்டர் பட்டை என்று வரைந்தால், உங்கள் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைவிட நீளமான பட்டை வரும். நோட்டுத் தாளில் அடங்காது. பத்துக்கு ஒன்று என்று சுருக்கினால் அந்தப் பட்டை ஐந்து சென்டிமீட்டரில் அடங்கிவிடும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்த சாதாரண நாட்கள் எல்லாம் பென்சில் முனையளவு பட்டையாகி, மழையே பெய்யாத நாட்கள்போலத் தோன்றும். நான் இரண்டு படம் போடச் சொல்வேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு வேலை தருகிறேன். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, முதலில் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நுரை பொங்கி ஓடுவதாக அடிக்கடி படம் வருமே, அதே இடம்தான். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 44.28 அடி. அங்கிருந்து கீழே இறங்கிக் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. இரண்டு அணைகளின் நீர்வரத்தையும் செய்தித்தாளைப் பார்த்து ஒரே தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். கெலவரப்பள்ளிக்கு நீல மை, கிருஷ்ணகிரிக்குப் பச்சை. ஒரு மாதம் போதும்.

கர்நாடகப் பக்கம் பெருமழை பெய்தால் நீலக் கோடு முதலில் முகடு எழுப்பும். பச்சைக் கோட்டில் அது பிந்தித்தான் வரும். தண்ணீர் நடந்து வர வேண்டுமே! இன்னொன்றையும் கவனியுங்கள். சில நாளில் நீலக் கோடு சும்மா படுத்திருக்க, பச்சை மட்டும் எழும்பும். அப்படி வந்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓசூரிலிருந்து அல்ல, இரண்டு அணைகளுக்கும் நடுவில் எங்கோ மழை பெய்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, அதே செய்தித்தாளில் மழை அளவு போட்டிருக்கும் பட்டியலைத் தேடுங்கள். சூளகிரியா, ராயக்கோட்டையா என்று அதில் தெரிந்துவிடும்.